2003 குவாலிஸ், மூன்றே முக்கால் லட்சம் கி.மீ.: இன்ஜின் வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் ஏற்றுவதா?

கோபி_குவாலிஸ்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2003 குவாலிஸ் டீசல், சொந்த உபயோகம். மீட்டர் 3,74,000 காட்டுகிறது. இன்ஜினை இதுவரை இறக்கியதே இல்லை. டைமிங் பெல்ட் மட்டும் லட்சத்துக்கு ஒரு முறை மாற்றியிருக்கிறோம்.

போன மழைக்காலத்துக்கு அப்புறம் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை கொட்டுகிறது. சூடானபின் அது நீலமாகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறினால், 27 கொண்டை ஊசியில் பாதி வருவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

மூன்று பட்டறையில் காட்டினேன், மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எங்க ஊர் மெக்கானிக் ஃபுல் இன்ஜின் வேலை என்கிறார், லேத் கூலி சேர்த்து 1,15,000 ஆகுமாம். ஈரோட்டில் ஒருவர், ‘இதைப் பிரிச்சு நாள் கடத்தாதீங்க, ஓடின குவாலிஸ் இன்ஜின் ஒண்ணு இருக்கு, 70,000 குடுங்க, ஏத்தி இறக்க 15,000, ரெண்டு நாள்ல வண்டியை எடுத்துட்டுப் போங்க’ என்கிறார். மூன்றாவது ஆள் இன்னோவா இன்ஜினைக் கியர்பாக்ஸோடு ஏற்றித் தருகிறேன், இரண்டு லட்சத்துக்குள் முடித்துவிடலாம் என்கிறார்.

வீட்டில் எட்டுப் பேர். எல்லாரும் ஒன்றாகப் போக இதை விட்டால் வேறு வண்டி இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிக்கனம்_சேலம்:
சார், நேராகச் சொல்கிறேன், கோவித்துக்கொள்ளாதீர்கள். விற்றுவிடுங்கள். 2028ல் மறுபடி எஃப்சி (தகுதிச் சான்று) காட்டணும். 20 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி. இன்ஜினுக்கு ஒரு லட்சம் போட்டால், அடுத்து சஸ்பென்ஷன், அப்புறம் ஏசி, அப்புறம் அடித்தகடு துரு என்று வரிசையாக வரும். அந்தப் பணம் ஒரு பழைய இன்னோவாவுக்கு முன்பணம் ஆகும்.

கோபி_குவாலிஸ்:
அண்ணா, கணக்கு சரிதான். ஆனால் நான் பார்த்த பழைய இன்னோவா எல்லாம் இதே மாதிரி மூன்று லட்சம் ஓடினவை. விலை மட்டும் மூன்று மடங்கு. பாடியில் துரு இல்லை, அடியில் படுத்துப் பார்த்தாயிற்று. சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் போன வருஷம் மாற்றியது. ஆக, இன்ஜின் மட்டும்தான் கேள்வி.

மேட்டூர்_டீசல்:
இன்னோவா இன்ஜினைப் போடுங்க தம்பி, யோசிக்கவே வேண்டாம். உங்க 2எல் இன்ஜின் 2,446 சிசி, 75 குதிரைத்திறன், டர்போ கிடையாது. இன்னோவாவின் 2கேடி 2,494 சிசி, 102 குதிரைத்திறன், டர்போவோடு காமன் ரெயில். 1,400 ஆர்பிஎம்மிலேயே இழுவை முழுசாக வந்துவிடும். எங்க நண்பர் வண்டியில் போட்டிருக்கிறோம். ஏற்காடு மேலே ஏசியோடு மூன்றாவது கியரில் ஏறுகிறது. பழைய குவாலிஸ் ஓட்டினவருக்கு அது வேறு வண்டி.

ஆர்டிஓ_வாசல்:
ஏறும், ஒத்துக்கொள்கிறேன். ஆர்சி (பதிவுச் சான்று) என்ன சொல்லும்?

1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ சேர்ந்தது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடைமுறையில் யாரையும் உள்ளே தூக்கிப் போடுவதில்லை என்று சொல்ல வருவீர்கள். சரி. விபத்து நடந்து மூன்றாம் நபருக்கு இழப்பீடு என்று வந்தால், இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும்தான். எஃப்சிக்கு வண்டியை விட்டால் பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்ததும் டர்போ கண்ணில் படும்.

அதே மாடல், அதே சிசி இன்ஜின் என்றால் வழி இருக்கிறது. முன்கூட்டியே ஆர்டிஓவில் அனுமதி கேட்கலாம். மாற்றியபின் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியில் புது நம்பரை ஏற்ற வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற காகிதம் கேட்பார்கள். ஈரோட்டுக்காரரிடம் பில் கேட்டுப் பாருங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

மேட்டூர்_டீசல்:
சட்டம் பேச ஆரம்பித்தால் வண்டிக்கு ஆரன்கூட மாற்ற முடியாது சார். ஊரில் எத்தனை ஜீப்பில் எத்தனை இன்ஜின் ஓடுகிறது, எல்லாமே எஃப்சி வாங்கித்தானே ஓடுகிறது?

ஆர்டிஓ_வாசல்:
ஓடுகிறது. எட்டுப் பேர் குடும்பம் அதில் உட்காரவில்லை. இவர் கேட்பது குடும்ப வண்டிக்கு.

புழல்_டிராவல்ஸ்:
நான் ஒரு காலத்தில் நாலு குவாலிஸ் வைத்து டிராவல்ஸ் ஓட்டினவன். 2000 ஜனவரியில் வந்து 2005ல் இன்னோவாவுக்கு இடம் விட்ட வண்டி. அந்த ஐந்து வருஷத்தில் வந்ததுதான் மொத்தம். கடைசி வண்டிக்கே 20 வயசு முடிந்துவிட்டது. ‘ஒரு லட்சம்தான் ஓடின குவாலிஸ் இன்ஜின்’ என்று எவனாவது சொன்னால், அது எங்கே இத்தனை வருஷம் படுத்திருந்தது என்று கேளுங்க.

சென்னைப் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் நல்ல சரக்கும் உண்டு, கெட்ட சரக்கும் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரியணும், அவ்வளவுதான். எங்க ஸ்டாண்டில் ஒருத்தர் ஒரு கடையில் இன்ஜின் எடுத்தார், புத்தம்புது சில்வர் பெயிண்ட், பார்க்க மாப்பிள்ளை மாதிரி. ஏற்றி ஓட்டின ஒரே மாதத்தில் பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த புகை பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குவது. ஆயில் மூடியைக் கழற்றினால் ஆவி குபுகுபு. கடைக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம், ‘ஸ்டார்ட் ஆகும் வரைக்கும்தான் கேரண்டி’ என்று. அப்புறம் அந்த இன்ஜினையே இறக்கி ஃபுல் வேலை பார்த்தார். இரண்டு செலவும் அவர் தலையில்.

பழைய இன்ஜின் எடுத்தே தீரணும் என்றால் நாலு விஷயம் விடாதீங்க. பெயிண்ட் அடிக்காத இன்ஜினாகப் பாருங்க, எண்ணெய்க் கசிவு கண்ணுக்குத் தெரியட்டும். ஆயில் மூடிக்குள்ளே விரலை விட்டுத் தடவினால் கறுப்புக் கசடு பிசுக்குப் பிசுக்கு என்று வரக் கூடாது, பால் கலந்த காப்பி நிறத்தில் வரவே கூடாது. ஸ்டாண்டில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லி, கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்தபின் பணம். இன்ஜின் நம்பரைத் தேய்த்த தடமோ, புதுசாகப் பஞ்ச் அடித்த தடமோ இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீங்க. திருட்டு வண்டி இன்ஜினாக இருந்தால் ஸ்டேஷனில் உட்காரப் போவது நீங்கதான்.

லேத்காரர்_கோவை:
கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். போர் (சிலிண்டர் துளையைக் கடைவது), ஹோனிங் (துளைச் சுவரைத் தீட்டுவது), கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் இதுதான் தினமும் வேலை. மேலே எல்லாரும் பதில் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அந்த இன்ஜினுக்கு உண்மையில் என்ன ஆச்சு என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. மூன்று பட்டறையிலும் ஒருவராவது கேஜ் போட்டாரா தம்பி?

புகையைப் பார்த்து இன்ஜின் வேலை சொல்வது பழக்கமாகிவிட்டது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான் தெரியும். ரிங் தேய்ந்தும் வரலாம், வால்வு ஆயில் சீல் காய்ந்துபோயும் வரலாம். முதல் கேஸில் இன்ஜின் இறக்கணும், இரண்டாவதில் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால் போதும். வெள்ளைப் புகையும் தண்ணீர் குறைவதும் ஹெட் கேஸ்கட்டையோ ஹெட் கிராக்கையோ காட்டுது. இரண்டும் சேர்ந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு.

செய்ய வேண்டியது இது. பேட்டரி ஃபுல் சார்ஜில் இருக்கட்டும். இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டு நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றச் சொல்லுங்க. பம்பில் டீசல் கட்-ஆஃப் வயரை எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக டீசல் கேஜ் போட்டு ஒவ்வொரு சிலிண்டராக அளக்கச் சொல்லுங்க. பெட்ரோல் கேஜைப் போட்டுவிடப் போகிறார்கள், அது இந்த அழுத்தம் தாங்காது. இந்த 2எல் இன்ஜினுக்கு கம்பெனி மேனுவல்படி அழுத்தம் சதுர செ.மீ.க்கு 32 கிலோ பக்கம் இருக்கணும், 20க்குக் கீழே போகக் கூடாது. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5க்குள் இருக்கணும். அப்புறம் குறைவாகக் காட்டுகிற சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் மட்டும் விட்டு மறுபடி அளங்க. கூடுதலாக ஊற்றினால் கம்ப்ரஷன் இடமே நிறைந்து ராடு வளையும், ஜாக்கிரதை. ஆயில் விட்டதும் ரீடிங் ஏறினால் ரிங் பக்கம் லீக். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வோ கேஸ்கட்டோ.

நம்பர் வரட்டும், மற்றதைப் பேசலாம்.

கிள்ளான்_காடி:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இந்தக் கேள்வியே வராது. காடி (கார்) இன்ஜின் போச்சு என்றால் பொமென் (மெக்கானிக்) நேரே ஹாஃப் கட் கடைக்குத்தான் கூட்டிப் போவார். ஜப்பானில் ஷாக்கென் பரிசோதனைச் செலவுக்குப் பயந்து நல்ல காடியைக்கூடச் சீக்கிரம் கழித்துவிடுகிறார்கள். அதை நடுவில் வெட்டி, முன்பாதியை இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாமாகக் கப்பலில் அனுப்புகிறார்கள். என் புரோட்டான் வீரா காடியில் 1.5 லிட்டர் இன்ஜின் இருந்தது, 4ஜி93 என்ற 1.8 லிட்டர் ஹாஃப் கட் வாங்கி ஏற்றினேன். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை மையத்தில் காட்டி, ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து ஆபீஸில் இன்ஜின் நம்பர் மாற்றியாயிற்று. ஓவர்ஹால் பண்ணுவதைவிட அதுதான் இங்கே மலிவு.

லேத்காரர்_கோவை:
உங்கள் ஊருக்கு அது சரி ஐயா. உங்களுக்கு வருவது குறைவாக ஓடின ஜப்பான் இன்ஜின், வயரோடு வருகிறது, மாற்றினால் பதிவு செய்து கொடுக்க ஆபீஸும் இருக்கிறது. எங்களுக்கு வருவது மோதி நசுங்கின வண்டியில் எடுத்தது, இல்லாவிட்டால் நாலு லட்சம் ஓடி எடைக்குப் போன வண்டியில் எடுத்தது. இரண்டுக்கும் ஒரே பேர்தான் சொல்கிறோம், அதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

வடமராட்சி_வான்:
யாழ்ப்பாணத்தில் எங்கட வீட்டில் நிற்பது ஹையேஸ் டொல்பின், 3எல் எஞ்சின், 2,779 சிசி. உங்கட 2எல்லின் அண்ணன் எண்டு சொல்லலாம். இஞ்சையும் முந்தி ஜப்பான் எஞ்சின் தாராளமாக வந்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தவை. அந்த இடைக்காலத்தில் பழைய வான் விலை எங்கேயோ போய்விட்டது, எல்லாரும் இருக்கிற எஞ்சினைத்தான் திருத்தி ஓடினம். நானும் அப்படித்தான் செய்வித்தேன்.

ஒண்டு சொல்ல வேணும். இந்த எல் வகை எஞ்சினுக்குப் பலவீனம் ஹெட்தான். ஒருமுறை சூடேறினால் வால்வுகளுக்கு நடுவில் வெடிப்பு விழும். பிளாக் கல்லு மாதிரி. ஆகவே தம்பி, கீழ்ப்பகுதியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முதல் ஹெட்டைக் கழட்டிப் பாருங்கோ.

கோபி_குவாலிஸ்:
எல்லாருக்கும் நன்றி. கேஜ் வைத்திருக்கிற பட்டறையைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. கடைசியில் சத்தியமங்கலத்தில் ஒரு டீசல் பம்ப் கடையில் இருந்தது. நம்பர் இதோ: 1வது சிலிண்டர் 28, 2வது 27, 3வது 16, 4வது 19. ஆயில் விட்டபின் 3வது 21க்கு ஏறியது, 4வது அசையவில்லை, அதே 19.

பேக் கம்ப்ரஷன் இருக்கிறதா என்று பார்க்க, ஆயில் மூடியைத் தலைகீழாக அதன் வாய்மேல் வைத்து இன்ஜினை ஓடவிட்டோம். மூடி தடதடவென்று ஆடி, கொஞ்ச நேரத்தில் ஹெட் கவர்மேல் சரிந்து விழுந்தது. காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால், தண்ணீர் சூடாவதற்கு முன்பே ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிடுகிறது.

லேத்காரர்_கோவை:
இது நல்ல தகவல். 1, 2 சிலிண்டர் வயசுக்கு அருமையாக இருக்கு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கும், பெரும்பாலும் அப்படித்தான். 4வது ஆயிலுக்கு அசையாதது அதனால்தான். சில்லென்ற இன்ஜினில் ஹோஸ் இறுகுவது கம்ப்ரஷன் தண்ணீருக்குள் போவதால். 3வது மட்டும் ஆயிலுக்கு ஏறியது, அங்கே கேஸ்கட்டோடு ரிங்கோ போரோ சேர்ந்து அடிபட்டிருக்கு. பேக் கம்ப்ரஷனும் அந்த ஒரு சிலிண்டரின் வேலையாக இருக்கலாம்.

எப்படியும் ஹெட் வரணும். ஹெட்டைக் கழற்றி 3வது போரைப் பார்த்தபின் கீழே இறங்குவதா என்று முடிவு செய்யுங்க. 1,15,000 எஸ்டிமேட்டுக்கு இன்னும் தலையாட்ட வேண்டாம்.

மேட்டூர்_டீசல்:
ஹெட்டைக் கழற்றினாலே ஐம்பதாயிரம் ஆகிவிடும். அதுவும் போட்டு, அப்புறம் கீழேயும் போட்டால் என் கணக்குக்குத்தான் வரும் பாருங்க. 2கேடி ஏற்றினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

புழல்_டிராவல்ஸ்:
வேறு தலைவலி இருக்கே அண்ணா. இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்), இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார், முழு வயரிங், டர்போவுக்கு ஆயில் லைன், சைலன்சர் புதுசு. நாலு இன்ஜெக்டரில் ஒன்று போனாலும் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியாததா? இரண்டு லட்சத்தில் முடிந்த 2கேடி வண்டியை நான் பார்த்ததில்லை. 2எல் பம்ப் வண்டி நடு ரோட்டில் நின்றால் நாமக்கல் பக்கம் எந்த லாரி மெக்கானிக்கும் வந்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுப்பார்.

மேட்டூர்_டீசல்:
நண்பர் வண்டியில் இரண்டரைக்கு மேல் ஆச்சு, அது உண்மைதான். ஆனால் அந்த இழுவைக்குத் தகும்.

கோபி_குவாலிஸ்:
ஹெட் கழற்றியாயிற்று. 3க்கும் 4க்கும் நடுவில் கேஸ்கட் கறுத்துத் தீய்ந்து போயிருக்கிறது, கட்டைவிரல் அகலத்துக்கு. ஹெட்டை லேத்தில் கழுவி, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பவுடர் அடித்தார்கள். 3வது சிலிண்டரில் இன்டேக் வால்வுக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் நடுவே சிவப்பாக ஒரு மயிரிழைக் கோடு மெதுவாக வெளியே வந்தது, ஒரு முனை வால்வு சீட்டுக்குள் போகிறது. வடமராட்சி அண்ணா சொன்னது அப்படியே.

3வது போரில் மேலிருந்து கீழாகக் கீறல், நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது. கேஜ் அளவு: 1வது 92.06, 2வது 92.07, 4வது 92.08. 3வதில் தேய்மானம் 92.15, கீறல் அதற்குமேல். புதுசில் 92 மி.மீ. இருக்கணுமாம். எங்க மெக்கானிக் இப்போது, ‘3வதுக்கு மட்டும் ஸ்லீவ் (உள்குழாய்) அடிச்சு ஸ்டாண்டர்ட் பிஸ்டன் போட்டுடலாம், மத்த மூணுக்கும் ரிங் மட்டும் மாத்திக்கலாம்’ என்கிறார். செலவு குறையும். ஹெட்டை வெல்டிங் வைத்துத் தர ஒருவர் இருக்கிறாராம்.

லேத்காரர்_கோவை:
ஹெட் முதலில். கிராக் சீட்டுக்குள் போய்விட்டால் அந்த ஹெட் எடைக்குத்தான். அந்த இடத்தில் வெல்டிங் நிற்காது, திம்பம் இன்னொரு தடவை ஏறும் வரைக்கும் நிற்கலாம். புது ஹெட் வெளிச்சந்தையில் காலியாகவும் கிடைக்கிறது, வால்வு எல்லாம் போட்டும் கிடைக்கிறது. காலி ஹெட் வாங்கி, உங்கள் பழைய வால்வுகளில் நல்லதை கிரைண்ட் பண்ணி, கைடும் சீலும் புதுசு போட்டால் சிக்கனம். ஷிம் (இடைவெளி வைக்கும் சிறு தகடு) செட் பண்ணத் தெரிந்தவரிடம் கொடுங்க, இதில் ஸ்க்ரூ திருகி வால்வு இடைவெளி வைக்க முடியாது.

போர் விஷயம். ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ் அடிப்பது தப்பான வேலை இல்லை. 50,000 கி.மீ. ஓடின இன்ஜினில் ஒரு பிஸ்டன் பிடித்துவிட்டால் நானே அதைத்தான் சொல்வேன். உங்கள் மற்ற மூன்று போரும் 6, 7, 8 பாயிண்ட் (0.06 முதல் 0.08 மி.மீ.) தேய்ந்தவை, மேலே ரிட்ஜ் (தேயாமல் நிற்கும் விளிம்பு) இருக்கும். அதில் புது ரிங் போட்டால் மேல் ரிங் போய் ரிட்ஜில் இடிக்கும், தேய்ந்த போரில் பிஸ்டன் தட்டும். இரண்டு வருஷம் கழித்து மறுபடி இறக்குவீர்கள்.

இந்த இடத்தில் நான் போடுவது நாலுக்கும் 0.50 மி.மீ. ஓவர்சைஸ், அதாவது துளையைப் பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன். ஒன்று மட்டும் பார்க்கணும்: விட்டத்தில் 0.50 என்றால் ஒரு பக்கத்துக்கு 0.25தான் வெட்டுகிறோம். கீறல் அந்த 0.25க்குள் போய்விட்டால் பிரச்சினை இல்லை. அதற்குமேல் ஆழம் என்றால் 3வதுக்கு ஸ்லீவ் அடித்து, அந்த ஸ்லீவையும் 0.50க்கே போர் அடிக்கணும். நாலு பிஸ்டனும் ஒரே சைஸ், ஒரே எடையாக இருக்கும்.

பிஸ்டன் கைக்கு வராமல் யாரையும் போர் அடிக்க விடாதீங்க. பெட்டியில் 0.50 என்று எழுதியிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் நூலிழை வித்தியாசம் இருக்கும். நாங்கள் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, 1, 2, 3, 4 என்று சாக்பீஸில் எழுதி, அதற்கேற்பத்தான் ஒவ்வொரு போரையும் முடிப்போம்.

கோபி_குவாலிஸ்:
கிராங்க்?

லேத்காரர்_கோவை:
அளக்காமல் கிரைண்ட் பண்ணாதீங்க. பல பட்டறையில் இன்ஜின் இறக்கினாலே கிராங்கை ஒரு அளவு குறைத்து 10 சைஸ் அடித்துவிடுவார்கள், பில்லுக்கு ஒரு வரி கிடைக்கும். ஜர்னலில் கோடு விழாமல், ஓவல் ஆகாமல் இருந்தால் பாலிஷ் மட்டும் போதும், ஸ்டாண்டர்ட் பேரிங் செட் போடலாம். டொயோட்டாக்காரன் கொடுத்த கடினப்படுத்தல் மேல்தோலில்தான் இருக்கு, அதை ஏன் வீணாக வெட்டணும்?

அதோடு, 3வது சிலிண்டர் மட்டும் ஏன் கீறியது என்று கேளுங்க. அந்தச் சிலிண்டருக்கு டீசல் பீய்ச்சும் நாசிலைப் பம்ப் கடையில் கொடுத்து ஸ்ப்ரே பார்க்கச் சொல்லுங்க. நாசில் சொட்டினால் டீசல் சுவரிலிருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், பிஸ்டன் உச்சியும் வெந்துவிடும். சொட்டும் நாசிலோடு புது பிஸ்டனைப் போட்டால் பணத்தைத் தண்ணீரில் போட்ட மாதிரி.

வடமராட்சி_வான்:
ரேடியேட்டரையும் ஒருக்கால் பாருங்கோ. தொடக்கத்திலிருந்தே நீங்கள் சொன்னது சூடேறுது எண்டுதானே? ஹெட் வெடிச்சதால சூடேறினதோ, சூடேறினதால ஹெட் வெடிச்சதோ?

கோபி_குவாலிஸ்:
அதையும் பார்த்தோம். ரேடியேட்டரை வெட்டித் திறந்தால் கீழ்வரிசைக் குழாயில் பாதி அடைத்திருக்கிறது, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவு. வருஷக்கணக்கில் போர்வெல் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறோம், கூலன்ட் போட்டதில்லை. ஃபேன் கிளட்சும் சூட்டில் பிடிக்கவில்லை, கையால் சுழற்றினால் லூசாகச் சுற்றுகிறது. நாசில் ரிப்போர்ட்: 3வது சொட்டுகிறது, மற்ற மூன்றும் ஷிம் வைத்து பிரஷர் சரி செய்தால் போதும்.

லேத்காரர்_கோவை:
ஆக, ஈரோட்டுக்காரரிடம் 85,000 கொடுத்து நல்ல இன்ஜினே வாங்கிப் போட்டிருந்தாலும், இதே ரேடியேட்டரோடு அடுத்த கோடைக்குள் அந்த ஹெட்டும் வெடித்திருக்கும். புது கோர் போடுங்க, வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்), தெர்மோஸ்டாட், ஃபேன் கிளட்ச், ஹோஸ் எல்லாம் சேர்த்து. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற மெக்கானிக் நிறையப் பேர், விடாதீங்க.

சிக்கனம்_சேலம்:
மொத்தம் எவ்வளவு வருகிறது என்று சொல்லுங்கள், கேட்போம்.

கோபி_குவாலிஸ்:
பழைய பிளாக்கிலேயே போர் அடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். கீறல் 0.25க்குள் அடங்கியது, ஸ்லீவ் தேவைப்படவில்லை. பிஸ்டன், ரிங், பேரிங், புது ஹெட், கேஸ்கட் செட், டைமிங் பெல்ட், ஆயில் பம்ப், நாசில் வேலை, லேத் கூலி, மெக்கானிக் கூலி சேர்த்து 1,08,000. ரேடியேட்டர், ஃபேன் கிளட்ச், வாட்டர் பாடி வகையறா 19,000. இறக்கினது இறக்கியாச்சு என்று கிளட்ச் பிளேட்டும் மாற்றினேன், அது 7,500. கிராங்க் பாலிஷ் மட்டும்தான். பிளாக் அதேதான், நம்பரும் அதேதான், ஆர்சியில் கை வைக்க வேண்டியதில்லை.

சிக்கனம்_சேலம்:
1,34,500. அந்தப் பணத்துக்கு நான் செய்ய மாட்டேன். ஆனால் என்னென்ன மாறியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், பழைய இன்னோவா வாங்கினால் அது தெரியாது. அந்த மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

புழல்_டிராவல்ஸ்:
தம்பி, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் 40ல் ஓட்டுங்க. ஆக்சிலரேட்டரை முட்டை மேல் கால் வைத்த மாதிரி மிதிங்க. அப்புறம் பாருங்க இன்ஜின் எப்படி இருக்கு என்று.

லேத்காரர்_கோவை:
இதில் மட்டும் நான் உங்களோடு சேர மாட்டேன் அண்ணா. டீசலில் ரிங் உட்காருவதற்குப் பின்னால் இருந்து அழுத்தம் தள்ளணும். 40லேயே உருட்டிக்கொண்டிருந்தால் ஹோனிங் கோடுகள் மேல் ஆயில் வார்னிஷாகப் படிந்து போர் கண்ணாடி ஆகிவிடும், கடைசி வரைக்கும் ஆயில் குடிக்கும். நீண்ட நேரம் ஐடிலில் விடாதீங்க. 50க்கும் 70க்கும் நடுவில் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்க, டாப் கியரில் நடுத்தர லோடு கொடுத்து இழுங்க, அப்புறம் காலை எடுத்து உருள விடுங்க. முதல் 500ல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்க, சாதாரண மினரல் 15டபிள்யூ40 போதும், சிந்தடிக் இப்போது வேண்டாம். திம்பம், எட்டுப் பேர், ஏசி எல்லாம் 1,500க்கு அப்புறம்.

புழல்_டிராவல்ஸ்:
என் நாலு வண்டியும் 40ல் ஓட்டினதுதான், ஒன்றும் ஆகவில்லை.

லேத்காரர்_கோவை:
உங்க டிரைவர்கள் 40ல் ஓட்டினார்கள் என்று நீங்கள் நம்பியிருக்கிறீர்கள் அண்ணா :)

கோபி_குவாலிஸ்:
சிரித்துவிட்டேன். ஹெட் போல்ட்டை ஆயிரம் கி.மீ.யில் மறுபடி டைட் பண்ணணுமா? மெக்கானிக் பண்ணணும் என்கிறார். இன்னொன்று, கேஸ்கட் மூன்று தடிமனில் வருகிறதாம், எதை வாங்குவது?

லேத்காரர்_கோவை:
கேஸ்கட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீங்க. புது பிஸ்டன் மேல்நிலையில் பிளாக் முகத்தை விட எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று டயல் கேஜ் வைத்து நாலையும் அளக்கணும், அதிகமானதை வைத்துத் தடிமன் தேர்ந்தெடுக்கணும். பிளாக் முகத்தை லேத்தில் லேசாக ஃபேஸ் பண்ணியிருந்தால் பழைய கேஸ்கட்டின் அளவு இப்போது பொருந்தாமல் போகலாம். மெல்லியது போட்டுவிட்டால் பிஸ்டன் ஹெட்டில் தட்டும்.

ஹெட் போல்ட் பற்றி: வாங்கின கேஸ்கட் பாக்கெட்டில் மறுபடி டைட் பண்ணச் சொல்லியிருந்தால் பண்ணுங்க, இன்ஜின் முழுக்க ஆறினபின், நடுவிலிருந்து வெளியே, டார்க் ரெஞ்ச் வைத்து. சொல்லவில்லை என்றால் தொடாதீங்க. ஆயிரத்தில் வால்வு இடைவெளி மட்டும் கட்டாயம் பாருங்க, புது சீட் உட்கார்ந்ததும் இடைவெளி குறையும். கூலன்ட் பச்சையோ சிவப்போ எதுவானாலும் ஒரே வகையாக, டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்க. போர்வெல் தண்ணீர் கேனை வண்டியிலிருந்து இறக்கிவிடுங்க.

மேட்டூர்_டீசல்:
வேலை முடிந்ததும் ஏற்காடு பக்கம் வாங்க தம்பி. நண்பர் வண்டியும் வரும், இரண்டையும் ஏற்றிப் பார்த்துவிடலாம்.

கோபி_குவாலிஸ்:
1,500 ஓட்டி முடித்துவிட்டு வருகிறேன் அண்ணா. தோற்பேன் என்று தெரியும், ஆனால் மேலே டீ செலவு உங்களுடையது.